சர்க்கரைத் தண்ணீர் வேறு, குடிதண்ணீர் வேறு

மேலே ஒருவர், "மாடியில் தேனீப் பெட்டி வைத்தால் பக்கத்தில் ஒரு கிண்ணம் சர்க்கரைத் தண்ணீர் வையுங்கள், தனியாகத் தண்ணீர் வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். திறந்த சர்க்கரைப்பாகு எறும்பையும் அயல் கூட்டுத் தேனீக்களையும் இழுக்கும். அந்தத் தேனீக்கள் கூட்டுக்குள் புகுந்து தேனைக் கொள்ளையடிக்கத் தொடங்கினால் சின்னக் கூடு தாங்காது. பூ இல்லாத மாதங்களில் பாகு தேவைதான்: சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு கலந்து, பெட்டிக்கு உள்ளே, சாயங்காலத்தில், குச்சிகள் போட்ட கொட்டாங்குச்சியில் வையுங்கள்.

வெறும் தண்ணீரின் வேலையே வேறு. புழு அறை, அதாவது தேனீக் குஞ்சுகள் வளரும் பகுதி, சுமார் 35 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். வெயில் ஏறும்போது தேனீக்கள் அடை மேல் தண்ணீரைத் துளித்துளியாகப் பூசி, சிறகால் விசிறிக் குளிர வைக்கும். கெட்டித் தேனை இளக்கவும் தண்ணீர்தான்.

அகலமான மண்தட்டில் கூழாங்கல் பரப்பி, கல்லின் தலை வெளியே தெரியும் அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். ஈரச் சாக்குத் துண்டு ஒன்றும் போடலாம். தேனீ அதன் ஓரத்தில் நின்று உறிஞ்சும். பெட்டி வாசலுக்கு நேர் கீழே வேண்டாம், எச்சம் விழும். நாலைந்து மீட்டர் தள்ளி, நிழலில் வையுங்கள்.

பெட்டி வரும் அன்றே தட்டும் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக் குழாயடியைப் பழகிவிட்டால் திருப்புவது பெரும்பாடு; சண்டையும் வரும். அதனால் ஒரு நாள்கூடக் காயவிடாதீர்கள்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள், இல்லையென்றால் டெங்கு கொசு வளரும். எறும்பு ஏறாமல் இருக்கப் பெட்டி ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் வைக்கும் தண்ணீர்க் கிண்ணங்களையும் மறக்காதீர்கள்.