அட்டையைத் திருப்பிப் போட்டவர்

2025 மே 1 முதல் 4 வரை மும்பையில் வேவ்ஸ் என்ற மத்திய அரசின் பொழுதுபோக்குத் தொழில் மாநாடு நடந்தது அல்லவா, அதற்கு நானும் போயிருந்தேன். அப்போது யாரிடமும் சொல்லவில்லை. வேலை போன நேரத்தில் இதெல்லாம் தேவையா என்று கேட்பார்கள். வீட்டிலேயே கேட்டார்கள்.

நான் காம்ப் ஆர்ட்டிஸ்ட். பச்சைத் திரைக்கு முன்னால் எடுத்ததையும் கணினியில் செய்ததையும் ஒட்டு தெரியாமல் ஒன்றாக்குகிற வேலை. ரோட்டோவில், அதாவது காட்சியில் உள்ள உருவங்களை ஃப்ரேம் ஃப்ரேமாக ஓரம் வரைந்து பிரித்தெடுக்கிற வேலையில் தொடங்கிப் பதினோரு வருடம். 2023-இல் ஹாலிவுட்டில் எழுத்தாளர்கள் 148 நாள், நடிகர்கள் 118 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டது நியாயம்தான். ஆனால் அங்கே படப்பிடிப்பு நின்றால் இங்கே கிண்டியில் ஷாட் வராது. எங்கள் ஸ்டுடியோவும் ஒரு வருடம் இழுத்துப் பார்த்தது. அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை வீடியோ கால், பன்னிரண்டு நிமிடம், நாற்பது பேர். சனிக்கிழமை லாகின் போகவில்லை.

மும்பையில் தங்கியது தாராவியில், சித்தப்பா வீட்டில். மாநாடு நடந்த பிகேசி (பாந்த்ரா குர்லா வணிக வளாகம்) அங்கிருந்து கூப்பிடு தூரம், நடுவில் மித்தி ஆறு மட்டும்தான். காலையில் சட்டையை அயர்ன் பண்ணும்போது சித்தப்பா கேட்டார்: "அங்க போனா வேலை குடுப்பாங்களாடா?" "தெரியல சித்தப்பா" என்றேன். "சரி, சாப்பாடாவது போடுவாங்களா?"

மாநாட்டில் கொடுத்த என் அடையாள அட்டையில் நிறுவனம் என்ற இடத்தில் 'ஃப்ரீலான்ஸ்' என்று இருந்தது. இந்த மாதிரி இடங்களில் கை கொடுக்கிறவர்களின் கண் முகத்துக்கு வராது, நெஞ்சில் தொங்குகிற அட்டைக்குத்தான் முதலில் போகும். அதைப் படித்ததும் கை கொஞ்சம் தளரும்.

காபி வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் அட்டையைத் திருப்பிப் போட்டிருந்தார். சேலத்துக்காரர், பெங்களூரில் மேட்ச்மூவ், அதாவது நிஜக் கேமராவின் அசைவைக் கணினிக்குள் கொண்டுவருகிற வேலை. அட்டையில் இருந்தது மூடிப்போன கம்பெனியின் பெயர். "நேரா போட்டா துக்கம் விசாரிக்கிறாங்க. திருப்பிப் போட்டா யாருன்னு கேக்கறாங்க. அது தேவலாம்" என்றார். அந்தப் பிப்ரவரியில்தான் விஷுவல் எஃபெக்ட்ஸ் ஸ்டுடியோக்கள் நடத்திய டெக்னிகலர் குழுமம் சரிந்து, பெங்களூரிலும் மும்பையிலும் ஆயிரக்கணக்கானவர்கள் வேலையிழந்திருந்தார்கள். காபி வரிசையில் வேறு பேச்சே இல்லை.

பிப்ரவரி நம் தொழிலுக்கு ராசியில்லாத மாதம் போல. 2013 பிப்ரவரியில் ரிதம் அண்டு ஹியூஸ் என்ற அமெரிக்க விஷுவல் எஃபெக்ட்ஸ் ஸ்டுடியோ திவால் மனு கொடுத்தது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அவர்கள் வேலை செய்த 'லைஃப் ஆஃப் பை'க்கு விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கர் கிடைத்தது. நம்ம புதுச்சேரியிலும் எடுத்த படம். நான் ரோட்டோ கற்றுக்கொள்ளச் சேர்ந்ததும் அதே வருடம்தான். அப்போதே புரிந்திருக்க வேண்டும், புரியவில்லை.

மும்பையில் ஐஐசிடி என்று படைப்புத் தொழில்நுட்பத்துக்குத் தனிக் கல்வி நிறுவனம் 2025-இல் தொடங்கியிருக்கிறது. சுமார் 400 கோடி ரூபாய். கூகுள், அடோபி, என்விடியா எல்லாம் கை கோக்கிறார்கள். இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் பத்து வருடம் கை பழகியவர்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, புதிதாகப் படித்து வரும் பிள்ளைகளை எந்த நாற்காலியில் உட்கார வைப்பீர்கள்? அந்தக் கோடிகளில் ஒரு துளி, வேலையிழந்தவர்கள் ஆறு மாதம் மென்பொருள் உரிமம் வாங்க ஒதுக்கினால் போதும். நாங்கள் காம்ப் செய்கிற மென்பொருளான நியூக்கின் உரிமம் என்ன விலை என்று தெரிந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

எனக்கு அங்கே கிடைத்தது வேறு. மூன்றாம் நாள் ஒரு படிக்கட்டில் உட்கார்ந்து, நடிகரைத் தூக்கிப் பிடிக்கிற வயரை அழித்த ஒரு ஷாட்டை லேப்டாப்பில் ஓட விட்டிருந்தேன். நியூக்கில் காப்பிகேட் என்று ஒன்று உண்டு: சில ஃப்ரேமை நாம் கையால் செய்து கொடுத்தால், அதைப் பார்த்துப் பழகி மிச்சத்தை அதுவே செய்யும். பின்னால் நின்று பார்த்த ஒருவர், "எத்தனை ஃப்ரேம் கையால போட்டீங்க?" என்றார். "ஒன்பது." "தலைமுடி ஓரத்துல நடுங்குதே, இன்னும் நாலு போடுங்க." ஆறு மாதத்தில் என் நிலைமையைக் கேட்காமல் வேலையைப் பற்றிக் கேட்ட முதல் ஆள். முக்கால் மணி நேரம் பேசினோம். வீட்டிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்த கூலி வெளியே கொடுப்பதில் பாதிதான் என்று அப்போதுதான் தெரிந்தது. அரங்குக்குள் கேட்ட பேச்சில் எனக்கு ஒன்றுகூட நினைவில்லை.

ஒரு மாதம் கழித்து அவரே கூப்பிட்டு நாற்பது ஷாட் கொடுத்தார். சேலத்துக்காரரும் நானும் இன்னும் ஐந்து பேருமாகச் செய்து முடித்தோம். இப்போது அடுத்தது வந்திருக்கிறது. பெயின்ட், அதாவது காட்சியில் வேண்டாததை அழித்துச் சரிசெய்கிற வேலை தெரிந்த இரண்டு பேர் வேண்டும். செய்த வேலையைக் காட்டும் ரீல் இருந்தால் இன்பாக்ஸில் அனுப்புங்கள். எந்தக் கம்பெனியில் இருந்தீர்கள் என்று கேட்க மாட்டேன்.