பொம்மக்காவும் திம்மக்காவும் யார் வீட்டுப் பெண்கள்?

திருநெல்வேலி மாவட்டத்தில் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். பட்டவராயன் சன்னதியில் தோல் செருப்புதான் காணிக்கை. மற்ற கோயில்களில் வாசலுக்கு வெளியே கழற்றிப் போடுகிற பொருள், இங்கே சாமிக்கு முன்னால் தொங்கும். புதுசாகக் கட்டிய செருப்பு அடுத்த ஆடிக்குப் பார்த்தால் தேய்ந்திருக்கும், ராத்திரியில் பட்டவராயன் அதைப் போட்டுக்கொண்டுதான் காட்டைச் சுற்றி வருகிறார் என்பார்கள்.

ஏன் செருப்பு என்று கேட்டால் இன்றைக்குப் பலர் ‘வேண்டுதல்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தக் கதை தெரியாமல் போவதைவிட, மாற்றித் தெரிந்துகொள்வதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

இன்றைக்குப் பட்டவராயனாகக் கும்பிடப்படுகிற முத்துப்பட்டன் பிராமண வீட்டுப் பிள்ளை. அண்ணன்மாரோடு பிணங்கிக்கொண்டு மலையாள தேசம் போய் அரசனிடம் சேவகம் பார்த்தவன். அவர்கள் சமாதானம் பேசி ஊருக்குக் கூட்டி வருகிற வழியில், காட்டுக்குள் இரண்டு பெண்கள் பாடும் சத்தம் கேட்கிறது. பொம்மக்கா, திம்மக்கா. மாடு காக்கிற வாலப்பகடையின் மகள்கள். சக்கிலியர் வீட்டுப் பெண்கள் என்பதை, இந்தக் கதையைச் சொல்கிற வில்லுப்பாட்டு மறைக்கவில்லை.

அடுத்து வாலப்பகடை வருகிற இடம்தான் எனக்குக் கதையின் உயிர். மகள்களை எவனோ துரத்தினான் என்று கொலைவெறியோடு வந்தவர் முன்னால், பூணூல் போட்டவன் நின்றுகொண்டு பெண் கேட்கிறான். நாங்கள் தோல் வேலை செய்கிறவர்கள், இது ஆகாது சாமி என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்க்கிறார். அவன் கேட்பதாக இல்லை. அப்போது ஒரு நிபந்தனை போடுகிறார்: குடுமியையும் பூணூலையும் அறுத்துப் போட்டுவிட்டு, செருப்புத் தைத்துக்கொண்டு வா, அப்புறம் பேசலாம். அண்ணன்மார் அடைத்து வைத்தும் தப்பி வந்து, பட்டன் சொன்னபடி செய்கிறான். மருமகனைத் தன் தொழிலுக்கும் தன் வீட்டுக்கும் இறங்கி வரச் சொல்கிற மாமனாரை வேறு எந்தப் பழங்கதையில் பார்க்க முடியும்? பெண்களை யாரும் அக்ரகாரத்துக்கு உயர்த்தவில்லை. அவன்தான் வந்தான். அந்தச் செருப்புதான் இன்றும் சன்னதியில் தொங்குகிறது.

கல்யாண மஞ்சள் காயும் முன்பே மாட்டை மடக்க வந்த திருடர்களோடு சண்டை. அவர்களை வெட்டிச் சாய்த்துவிட்டு, தண்ணீரில் ரத்தக் கறையைக் கழுவும்போது ஒளிந்திருந்த ஒருவன் பின்னாலிருந்து குத்திவிடுகிறான். நாய் ஓடிவந்து சேதி சொல்கிறது. பெண்கள் இருவரும் சிங்கம்பட்டி அரசரிடம் அனுமதி வாங்கித் தீப்பாய்கிறார்கள். (அதே சிங்கம்பட்டி ஜமீன் வழியில் வந்த கடைசி ராஜா, 2020இல் காலமாகும்வரை, ஆடி அமாவாசைக்கு ராஜ உடையில் இதே கோயிலில் வந்து அமர்ந்தார்.) தீப்பாய்ந்ததை நான் போற்றவில்லை. ஆனால் அந்தப் பெண்களின் பெயரைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

சரி, இதில் என்ன மாறிப்போனது? பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பிராமணப் பெண் வயிற்றில் பிறந்தவர்கள், காட்டில் கிடந்த குழந்தைகளை வாலப்பகடை எடுத்து வளர்த்தார் என்று கதைக்கு ஒரு முன்பகுதி உண்டு. 1971இல் மதுரைப் பல்கலைக்கழக வெளியீடாக முத்துப்பட்டன் கதையைப் பதிப்பித்த நா. வானமாமலை, இது பிற்காலத்தில் ஒட்டவைத்தது என்றே சொன்னார். எனக்கும் அதில் சந்தேகமில்லை. பிராமணப் பெண்களைத்தான் பிராமணன் கட்டினான் என்றால், வாலப்பகடை போட்ட நிபந்தனைக்கு என்ன அர்த்தம்? அண்ணன்மார் எதற்குத் தம்பியை அடைத்து வைத்தார்கள்? அறுத்துப் போட்ட பூணூல் எதற்கு? அந்த ஒரு முன்பகுதி, பின்னால் வரும் அத்தனையையும் வெறும் ஆள்மாறாட்டமாக்கிவிடுகிறது.

மதுரை வீரனுக்கும் இதே வைத்தியம்தான். சின்னானும் செல்லியும் வளர்த்த பிள்ளை, பொம்மண்ண நாயக்கர் மகள் பொம்மியைத் தூக்கிக்கொண்டு வந்தவன், மதுரையில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். ஆனால் காசி ராஜா மகன், மாலை சுற்றிப் பிறந்ததால் காட்டில் விடப்பட்டவன் என்று முதலிலேயே முத்திரை குத்தியாகிவிட்டது. 1956இல் வந்த எம்.ஜி.ஆர். படம் அதை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆரியமாலையைக் காதலித்துக் கழுவேறிய காத்தவராயனுக்கோ சிவன் சாபம் என்று ஒரு காரணம். விதி என்று சொல்லிவிட்டால் கழுமரம் நட்டவனைக் கேட்க ஆள் இல்லை.

சாமியை ஏன் சாதிக்குள் இழுக்கிறாய் என்று கேட்பார்கள். நான் இழுக்கவில்லை ஐயா, கதைக்குள்ளேயே இருக்கிறது. ராஜா மகன், தேவர் அம்சம், பிராமணக் குழந்தை என்று பிறப்பைத் திருத்தியவர்கள்தான் சாதியைப் பார்த்தார்கள். கும்பிட்ட ஜனங்கள் கொலையைப் பார்த்தார்கள். அநியாயமாகச் செத்தவன் சும்மா போகமாட்டான், அவனுக்குப் பீடம் போட்டு, படையல் வைத்து, வருஷத்துக்கு ஒருமுறை அவன் கதையை அவன் முன்னாலேயே பாடவேண்டும் என்பது அவர்கள் கண்டுபிடித்த நீதி. கோர்ட்டு இல்லாத காலத்தில் அதுதான் கோர்ட்டு. உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச்சில், காதலித்துக் கட்டிய பெண் பக்கத்தில் நிற்க, ஒரு பையனைப் பட்டப்பகலில் நடுரோட்டில் வெட்டிக் கொன்றார்கள். அவன் காசி ராஜா மகனாக இருந்தால்தான் அழுவோம் என்று யாராவது சொல்வோமா?

எங்கள் பக்கத்துக் கோயில் கொடைவிழா ஒன்றில் போன வருஷம் வில்லுப்பாட்டுப் புலவர் வாலப்பகடை கட்டத்துக்கு வந்தபோது, கமிட்டியிலிருந்து ஒருவர் எழுந்துபோய்க் காதில் ஏதோ சொன்னார். பாட்டு அங்கிருந்து ஒரே தாவலாகத் திருடர் சண்டைக்குப் போய்விட்டது. குடமும் உடுக்கையும் நிற்கவில்லை, பின்பாட்டுக்காரர்கள் ‘ஆமா’ போட்டபடி தொடர்ந்தார்கள். பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி மட்டும், “பொண்ணு கேக்குறத விட்டுட்டாவளே” என்றார்.

கொடை நடத்துகிற அண்ணன்மாரே, லைட் செட்டுக்கும் வாணவேடிக்கைக்கும் ஒதுக்குகிற நேரத்தில் ஒரு மணி நேரத்தைப் புலவருக்குக் கூடுதலாகக் கொடுங்கள். காதில் போய் எதுவும் சொல்லாதீர்கள். அவருக்குக் கதை தெரியும்.