பதினாலு காரட் தாலி

என் தாத்தா நகைப் பத்தர். உமியோடு, ஊதுகுழல், மூசை, ஒரு சின்னத் தராசு. இவ்வளவுதான் அவருடைய தொழிற்சாலை. 1963 ஜனவரியில், சீனப் போர் முடிந்த சூட்டோடு, தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய். இனி யாரும் 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்றார்கள். நூற்றுக்கு 58 பங்குதான் தங்கம், மீதி செம்பும் வெள்ளியும்.

தாலிக்குப் பொன் உருக்க நல்ல நாள் பார்த்து வருகிறவரிடம் எந்தப் பத்தர் போய், “பாதிக்குக் கொஞ்சம் கூடத்தான் தங்கம் இருக்கும், சர்க்கார் உத்தரவு” என்று சொல்லுவார்? சொன்னால் யார் வாங்குவார்? தாத்தா பட்டறையைப் பூட்டினார். பாட்டி இட்லி விற்றுத்தான் வீடு ஓடியது. எங்கள் வீடாவது தப்பித்தது. நாட்டின் பல பகுதிகளில் பொற்கொல்லர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள்.

14 காரட் கட்டுப்பாட்டை 1966இல் எடுத்தார்கள். ஆனால் 1968இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று நிரந்தரமாகவே ஒன்று வந்தது. சாதாரண மனிதர் தங்கக் கட்டியோ காசோ வைத்திருக்கக் கூடாது. பத்தருக்குச் சான்றிதழ் வேண்டும். அவர் கையிருப்பு 100 கிராமைத் தாண்டக் கூடாது. கணக்குப் புத்தகம் எழுத வேண்டும். புத்தகம் இருந்தால் அதைப் பார்க்க அதிகாரி வருவார், வந்தால் சும்மா போக மாட்டார். “தங்கத்துல சேதாரம் போக, இவருக்கும் ஒரு சேதாரம்” என்று தாத்தா சொல்லிச் சிரிப்பாராம்.

இத்தனை செய்து தங்கத்தின் மேல் இருந்த ஆசை குறைந்ததா? வெளிநாட்டுத் தங்கம் சட்டப்படி உள்ளே வர வழியில்லை, அதனால் படகில் வந்தது. ராமநாதபுரம் பனைக்குளத்தில் பிறந்து, பம்பாய்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய ஹாஜி மஸ்தான் கடத்தலில் பெரிய மனிதர் ஆனது அந்தக் காலத்தில்தான். அவரை உருவாக்கியதில் டெல்லிக்கும் பங்கு உண்டு என்பேன். ராஜாஜி இந்த மாதிரி ஆட்சிக்கு ‘பெர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்’ என்று பெயர் வைத்தார். 1952இல் சென்னை மாநில முதல்வராக வந்ததுமே உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கிக் காட்டியவர் அவர். மற்ற எத்தனையோ விஷயங்களில் எனக்கு அவரோடு ஒத்துப்போகாது, இதில் முழுசாக ஒத்துப்போகும்.

1990இல் அந்தத் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒருவழியாக ஒழிந்தது. அடுத்த வருடம் நடந்ததுதான் வேடிக்கை. அந்நியச் செலாவணி தீர்ந்துபோய், அரசாங்கமே சுமார் 47 டன் தங்கத்தை இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளிடம் அடகு வைத்தது. பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் நம் வீட்டு வளையல் அடகுக்கடைக்குப் போகுமே, அதே கதை. 1992இல் வெளிநாடுவாழ் இந்தியர்கள் வரி கட்டி 5 கிலோ வரை கொண்டுவரலாம் என்று கதவைத் திறந்தார்கள். கடத்தலில் இருந்த லாபம் கரைந்தது. போலீஸால் முப்பது வருடம் முடியாததை ஒரு அறிவிப்பு செய்தது.

சரி, பழைய கதை, இப்போது எதற்கு? ஏனென்றால் பாடம் யாருக்கும் ஏறவில்லை. 2012 தொடக்கத்தில் 2 சதவீதமாக இருந்த இறக்குமதி வரி 2013 ஆகஸ்டில் 10 ஆனது. 2022 ஜூலையில் செஸ் எல்லாம் சேர்த்து 15. கிலோ 70 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள், 15 சதவீதம் என்றால் பத்தரை லட்சம். ஒரு கிலோவை வரி கட்டாமல் கொண்டுவந்தால் அவ்வளவும் லாபம். திருச்சி விமான நிலையத்தில், கூலிக்குக் கடத்தி வரும் ‘குருவிகள்’ தங்கத்தைப் பசையாக்கி உடம்புக்குள் ஒளித்துக்கொண்டு வந்து பிடிபட்ட செய்திகளை நாமெல்லாம் படித்துச் சலித்துவிட்டோம். 2024 ஜூலை பட்ஜெட்டில் வரியை 6 சதவீதமாகக் குறைத்தார்கள். அதே கணக்கில் 4 லட்சத்து 20 ஆயிரம். குருவிக்கு டிக்கெட், கூலி, மாட்டினால் நஷ்டம் எல்லாம் போக மிச்சம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள். என்னைக் கேட்டால் இன்னும் இறக்க வேண்டும்.

எதிர்க்கேள்வி வரும், தெரியும். தங்கத்துக்காக டாலர் வெளியே போகிறதே என்பார்கள். போகிறது, மறுக்கவில்லை. ஆனால் கடத்தல் தங்கத்துக்கும் டாலர்தான் போகிறது, ஹவாலா வழியாக. அரசுக்கு வரியும் கிடைக்காது, ரசீதும் இருக்காது. ரசீது போட்டு விற்கிற கடைக்காரர்தான் பக்கத்துக் கடையின் ‘பில் இல்லாத’ விலையோடு மல்லுக்கட்டி நஷ்டப்படுகிறார்.

எல்லா விதியையும் தூக்கிப் போடு என்று நான் சொல்லவில்லை. ஹால்மார்க் முத்திரையைக் கட்டாயமாக்கியதில் எனக்குச் சந்தோஷம்தான். தாத்தா இருந்திருந்தால் அவரும் ஒத்துக்கொண்டிருப்பார், உரைகல்லில் உரசிக் காட்டிவிட்டுத்தான் கூலி வாங்குவார். 22 காரட் என்று விற்றால் 22 காரட்டாக இருக்கட்டும் என்கிற சட்டம் வேறு, 22 காரட்டே செய்யாதே என்கிற சட்டம் வேறு. முன்னது வாங்குகிறவரைக் காப்பாற்றும். பின்னது அதிகாரிக்கு மட்டும்தான் சோறு போடும்.

பாட்டி கழுத்தில் கடைசிவரை கிடந்த தாலி அந்த 63ஆம் வருடக் கெடுபிடிக்கு நடுவில் மாற்றிச் செய்ததுதான். எத்தனை காரட் என்று தாத்தா யாரிடமும் சொன்னதில்லை. நாங்களும் உரசிப் பார்க்கவில்லை.