ஓசி கரண்ட் இல்லை, என் மீட்டர்தான் ஓடுகிறது

சனிக்கிழமை எங்கள் அபார்ட்மென்டில் நடந்தது இங்கே பலருக்குத் தெரியும். இன்பாக்ஸில் வந்து கேட்டவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை, அதனால் பொதுவாக எழுதிவிடுகிறேன். பார்க்கிங்கில் எலக்ட்ரிக் வண்டிக்கு சார்ஜ் போடக்கூடாது என்று அசோசியேஷன் கூட்டத்தில் தடை போட்டு, மீட்டர் ரூமைத் திறந்து என் எலக்ட்ரிக் காரின் சார்ஜிங் லைனிலிருந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். குரூப்பில் ஒருவர் போட்ட வரிதான் இன்னும் ஆறவில்லை. "மெயின்டனன்ஸ் எல்லாரும் கட்டுவோம், ஓசி கரண்டில் சிலர் மட்டும் கார் ஓட்டுவாங்க." அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். அதில் இரண்டு பேர் என் வீட்டில் உட்கார்ந்து காபி குடித்தவர்கள்.

அது ஓசி கரண்ட் இல்லை. என் வீட்டு மீட்டரிலிருந்து, என் காசில் வாங்கிய வயரில், எனக்கு ஒதுக்கிய பார்க்கிங் இடத்துக்கு வருகிற கரண்ட். பொது மீட்டருக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. லிஃப்ட் மீட்டர் வேறு, மோட்டார் மீட்டர் வேறு, என் மீட்டர் வேறு. கேட்டிருந்தால் ரீடிங்கைக் காட்டியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

அந்த லைன் எப்படிப் போடப்பட்டது என்று சொல்கிறேன், ஏனென்றால் "ஏதோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாட்டி இழுத்திருக்காங்க" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். கார் வாங்கிய புதிதில் வந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் பிளக் பாயின்டைத் தொடுவதற்கு முன்னால் எர்த் குழியைத்தான் தேடினார். எங்கள் பில்டிங்கின் பழைய எர்த் கம்பி துருப்பிடித்து, கையால் தொட்டதும் உதிர்ந்தது. எர்த் சரியில்லாவிட்டால் இந்த வண்டி சார்ஜே ஏறாது. சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிடும். மதில் ஓரமாகப் புதுக்குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, பைப் இறக்கினார். மீட்டரிலிருந்து தனி காப்பர் வயர், லோடு மீறினால் அணைந்துவிட எம்சிபி, கசிவு இருந்தால் உடனே டிரிப் ஆக ஆர்சிசிபி, பதினாறு ஆம்பியர் சாக்கெட். ஈபியில் லோடு கூட்டி எழுதிக்கொடுத்து அதற்கும் பணம் கட்டினேன். அந்த எர்த் குழியால் நன்மை எனக்கு மட்டும் இல்லை. பழைய கம்பியை நம்பி கீசர் போட்டுக்கொண்டிருந்த தரைத்தள வீடுகளுக்கும் சேர்த்து அதே குழியில் இணைப்புக் கொடுத்தார். அதற்கு நான் யாரிடமும் பணம் கேட்கவில்லை.

எலக்ட்ரிக் கார் என்றதும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி "எவ்வளவு தூரம் போகும்?" சொல்கிறேன். என்னுடையது நெக்ஸான், 40.5 யூனிட் பேட்டரி. கம்பெனி சொன்ன கணக்கு 465 கிலோமீட்டர். ரோட்டில் கிடைப்பது முந்நூறுக்குக் கொஞ்சம் கீழே. பைபாஸில் ஏசி போட்டு நூறில் போனால் இன்னும் குறையும். அதனால் என்ன? மடிப்பாக்கத்திலிருந்து சிறுசேரி போய்வர அதில் ஒரு மூலைகூடச் செலவாகாது. அன்றாடம் இந்தக் காரோடு வாழ்கிறவர்களுக்குத் தூரம் பிரச்சினையே இல்லை. ராத்திரி வண்டி நிற்கிற இடத்தில் ஒரு பிளக் இருக்கிறதா இல்லையா, அதுதான் விஷயம். பிளக் இருந்தால் இதைவிட நிம்மதியான வண்டி கிடையாது. இல்லாவிட்டால் இதைவிடத் தொல்லையும் கிடையாது.

நேற்றும் முந்தாநாளும் அந்தத் தொல்லையைத்தான் பட்டேன். வேலை முடிந்து ஓஎம்ஆரில் ஒரு பெட்ரோல் பங்க் சார்ஜருக்குப் போனால், முன்னால் இரண்டு டாக்ஸி. பாவம், அவர்களுக்கு அது பிழைப்பு. என் முறை வந்ததும் ஆப் இறக்கு, ஓடிபி போடு, வாலட்டில் பணம் ஏற்று. ஒரு கம்பெனி ஆப்பில் ஏற்றிய பணம் இன்னொரு கம்பெனி சார்ஜரில் செல்லாது. சார்ஜிங் கன்னை வண்டியில் மாட்டினால் "கம்யூனிகேஷன் எரர்". கழற்றி மறுபடி மாட்டினால் ஓடும். எண்பது சதவீதம் வரை விறுவிறுவென ஏறும், அதற்கப்புறம் வேண்டுமென்றே மெதுவாகும். பேட்டரியைக் காப்பாற்ற அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். யூனிட் இருபது ரூபாய்ப் பக்கம், அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. காருக்கு ஐந்து சதவீத ஜிஎஸ்டி போட்டு வாங்குங்கள் என்று ஊக்குவித்துவிட்டு, அதற்கு வெளியே சார்ஜ் போட்டால் பதினெட்டு வாங்குவது என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. வீட்டுக்குப் போகும்போது மணி பத்தரை. பையன் சாப்பிடாமல் தூங்கியிருந்தான்.

வீட்டில் இதே கரண்டுக்கு நான் என்ன கட்டுகிறேன் தெரியுமா? இரண்டு மாதத்துக்கு ஐந்நூறு யூனிட்டைத் தாண்டினால் அடுக்கே மாறிவிடும், 101 முதல் 200 வரைக்கான மலிவு விலையும் போய்விடும். கார் வந்த பிறகு எங்கள் வீடு ஒவ்வொரு முறையும் ஐந்நூறைத் தாண்டுகிறது. அந்த மேல் அடுக்குப் பணத்தைத்தான் கட்டுகிறேன். ஒரு யூனிட்டுக்கு ஆறேழு கிலோமீட்டர் ஓடுவதால் அப்போதும் பெட்ரோலை விட ரொம்பக் குறைவுதான், மறைக்கவில்லை. ஆனால் குறைவு வேறு, ஓசி வேறு.

இனி தீ. தீ விபத்து வீடியோ அனுப்பியவர்களுக்கு நிதானமாகவே பதில் சொல்கிறேன். பயப்படுவது தப்பில்லை. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டுக்குள் எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு சார்ஜ் போட்டிருந்தபோது தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு அப்பாவும் மகளும் இறந்துபோனார்கள். அந்தச் செய்தியைப் படித்த எவருக்கும் பயம் வரும். எனக்கும் வந்தது. லித்தியம் பேட்டரித் தீயை அணைப்பது கஷ்டம் என்பதும் உண்மை. அந்த வருஷம் நடந்த விபத்துகளுக்குப் பிறகுதான் மத்திய அரசு பேட்டரிப் பரிசோதனை விதிகளைக் கடுமையாக்கியது. 2022 டிசம்பர், 2023 மார்ச் என்று இரண்டு கட்டமாக அவை அமலுக்கு வந்தன. என் கார் அதற்குப் பிறகு தயாரானது. தீதான் பயம் என்றால் தீயணைப்பான் வாங்கி மாட்டுவோம், புகை வந்தால் கத்துகிற அலாரம் வைப்போம், எலக்ட்ரிகல் இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டு லைனைப் பார்க்கச் சொல்வோம். இதை எல்லாம் கூட்டத்தில் நானே சொன்னேன். மினிட்ஸ் புத்தகத்தில் ஒன்றும் ஏறவில்லை. "தடை" என்ற ஒரு வார்த்தை மட்டும் ஏறியிருக்கிறது.

டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துவிடும் என்றார் ஒருவர். நான் போடுவது மூன்று கிலோவாட் சார்ஜர். அவர் வீட்டில் கீசரும் ஒரு ஏசியும் சேர்ந்து ஓடினால் அதைவிட அதிகமாக இழுக்கும். அதுவும் நான் ராத்திரி பதினோரு மணிக்கு மேல்தான் போடுகிறேன். இதற்கு மேல் அவரோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டவர்களுக்கு. வீட்டில் இருக்கும் இணைப்பிலேயே வண்டிக்கு சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய மின் அமைச்சகத்தின் 2024 வழிகாட்டுதலில் இருக்கிறது. அதே வருஷம் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, வண்டிக்கு மட்டும் தனி இணைப்பு வேண்டுமென்றாலும் கேட்டு வாங்கலாம். புதிய கட்டடங்களில் பார்க்கிங்கில் இருபது சதவீத இடத்துக்கு சார்ஜிங் வசதி இருக்க வேண்டும் என்று 2019-லேயே மாதிரிக் கட்டட விதிகளில் சேர்த்துவிட்டார்கள். நாடு முழுக்க "மின்வாகனம் வாங்குங்கள்" என்று விளம்பரம். வாங்கி வந்தால் சொந்த வீட்டு வாசலில் ஃபியூஸைப் பிடுங்குகிறார்கள்.

"பதினைந்து லட்சத்துக்குக் கார் வாங்கினவங்களுக்கு இதெல்லாம் ஒரு கஷ்டமா?" என்று ஒரு தோழியே கேட்டார். அவருக்கும் சொல்கிறேன். கார் என் பெயரில் இருக்கிறது. லோன் என் சம்பளத்தில் போகிறது. ஊரில், துறையூர்ப் பக்கம், அம்மா தனியாக இருக்கிறார். அவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் நானே ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்பதற்காக வாங்கிய கார் இது. விழுப்புரத்திலோ உளுந்தூர்பேட்டையிலோ ஒரு தடவை சார்ஜ் போட்டால் பெரம்பலூர் வழியாகப் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் கிளம்பும்போது பேட்டரி நிறைந்திருக்க வேண்டும். ராத்திரி ஒரு மணிக்கு ஊரிலிருந்து போன் வந்தால் நான் எந்தப் பெட்ரோல் பங்கில் போய் வரிசையில் நிற்பேன்?

அப்புறம் இதையும் சொல்லியே ஆக வேண்டும். லைன் போட அனுமதி கேட்டு லெட்டர் கொடுத்தது நான். கூட்டத்தில் பேசியது நான். ஆனால் செக்ரட்டரி சார் போன் போட்டது என் வீட்டுக்காரருக்கு. "மேடம் கொஞ்சம் எமோஷனலா பேசுறாங்க, நீங்க எடுத்துச் சொல்லுங்க சார்" என்றாராம். சர்க்யூட் எப்படிப் போட்டிருக்கிறது, எத்தனை ஆம்பியர், எங்கே டிரிப் ஆகும் என்று அந்தக் கூட்டத்தில் விளக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். அதை எமோஷனல் என்கிறார்கள். இவர் "கார் அவங்களோடது சார், அவங்ககிட்டயே பேசுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்த ஒரு பதிலுக்காக அன்றைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலை எங்கள் பில்டிங்கில் யாரும் மறந்திருக்க முடியாது. தெரு முழுக்க இடுப்பளவு தண்ணீர், நாள்கணக்கில் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர்கள் எல்லாம் முதல் ராத்திரியிலேயே படுத்துவிட்டன. எங்கள் பார்க்கிங் மேடாக இருந்ததால் வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, கார் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அதில் வி டூ எல் வசதி உண்டு. அதாவது கார் பேட்டரியிலிருந்து வெளியே கரண்ட் எடுக்கலாம். அடாப்டரை மாட்டி, ஸ்பைக் பஸ்ட்டர் வைத்து, மாடிப்படி வரை வயர் இழுத்தேன். மொத்த பில்டிங்கின் செல்போன்களும் அங்கேதான் சார்ஜ் ஏறின. யாருடைய போன் எது என்று தெரியாமல் போய்விடும் என்று பிள்ளைகள் பின்னால் பிளாஸ்திரி ஒட்டி வீட்டு நம்பர் எழுதினார்கள். மூன்றாவது மாடி தாத்தாவுக்கு மூச்சு இளைப்பு. நெபுலைசரைக் கீழே கொண்டுவந்து, என் காருக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்து, காலையும் ராத்திரியும் வைத்துக்கொண்டார்கள். அவருடைய மகன்தான் இப்போது "ஓசி கரண்ட்" என்று எழுதியவர்.

அந்தக் கரண்டுக்கு நான் கணக்கு எழுதவில்லை. இன்றைக்கும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். சொல்லிக்காட்டுகிறாள் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். ஆமாம், சொல்லிக்காட்டத்தான் செய்கிறேன். அன்றைக்கு அதே பேட்டரி, அதே பார்க்கிங், அதே ஆட்கள். வெடித்துவிடும் என்று அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லையே!

என் கதையை விடுங்கள். இந்தத் தடையால் நிஜமாகவே மாட்டிக்கொண்டது நான் இல்லை, இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கும் அந்த நர்ஸ் பொண்ணுதான். அவளிடம் பேட்டரியைக் கழற்றி மாட்டுகிற ஸ்கூட்டர் இருக்கிறது. நைட் டியூட்டி முடிந்து வந்து என் சாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே சார்ஜ் போட்டுக்கொள்வாள், யூனிட்டுக்கு உண்டான காசை மாதாமாதம் ஜிபேயில் அனுப்பிவிடுவாள். வேண்டாம் என்றாலும் கேட்க மாட்டாள். சனிக்கிழமைக்குப் பிறகு அவள் என்ன செய்கிறாள் தெரியுமா? பேட்டரியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு மாடி ஏறி, ஹாலில், கட்டிலுக்குப் பக்கத்தில் சார்ஜ் போடுகிறாள். வீட்டில் மூன்று வயதுக் குழந்தை. வேலூரில் நடந்தது எங்கே நடந்தது என்று மேலே எழுதியிருக்கிறேன், ஒரு தடவை திரும்பப் படியுங்கள். தீக்குப் பயந்து தடை போட்டவர்கள், எர்த்தும் ஆர்சிசிபியும் காற்றோட்டமும் இருந்த இடத்திலிருந்து பேட்டரியைப் பிள்ளை தூங்குகிற அறைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவள் வாடகைக்காரி என்பதால் கூட்டத்தில் பேச அனுமதி கிடையாது. அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

வண்டியை விற்றுவிட்டு நிம்மதியாக இருங்கள் என்று அக்கறையோடு சொன்னவர்களுக்கு நன்றி. விற்க மாட்டேன். திங்கட்கிழமை ஈபி ஆபீஸில் தனி இணைப்புக்கு மனுக் கொடுத்துவிட்டேன். ரசீதை குரூப்பில் போட்டிருக்கிறேன், இதுவரை ஒரு கட்டைவிரலும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குக் கடந்த ஒரு வருஷ ஈபி பில்களையும், எலக்ட்ரீஷியன் அண்ணனையும், அந்தப் பொண்ணையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவள் பேசக்கூடாது என்றால் அவளுக்கும் சேர்த்து நான் பேசுவேன். செக்ரட்டரி சார், அதற்கு முன்னால் அந்த ஃபியூஸ் கட்டையைத் திருப்பி மாட்டிவிடுங்கள். இன்றைக்கு ராத்திரியும் அவளுக்கு டியூட்டி.