கப்பல் வாள் குட்டையானது ஏன்?

மாலுமிகளுக்கு வாள்வீச்சு தெரியாததாலேயே கப்பல் வாள்கள் குட்டையாக அமைந்தன என்று கப்பல் வாள் பற்றிய கட்டுரை ஒன்றில் அதன் ஆசிரியர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. எதிரிக் கப்பலில் பாய்ந்தேறிப் போரிடுபவர், பாய்மரக் கயிறுகளும் பீரங்கிகளும் ஆட்களும் நெருக்கியடித்த தளத்தில் நீண்ட வாளைச் சுழற்றினால், அது கயிற்றில் சிக்கிக்கொள்ளும் என்பதே முதன்மையான காரணம். எங்கள் ஆற்காட்டுச் சமவெளியில் குதிரைவீரனுக்கு எட்டி வெட்டும் நீளமும் வளைவும் தேவைப்பட்டன. கப்பலில் அவை வெறும் இடைஞ்சல். பிரிட்டிஷ் கடற்படையின் 1804ஆம் ஆண்டு மாதிரி வாளுக்கு ஏறத்தாழ 73 செ.மீ. நீளமுள்ள நேரான அலகும், கையைக் காக்கும் இரட்டை வட்டத் தகடும், துருவைத் தடுக்கக் கருநிறம் பூசிய இரும்புப் பிடியும் இருந்தன. பயிற்சியே இல்லை என்பதும் சரியன்று; ஹென்றி ஆஞ்செலோ என்ற வாள்வீச்சு ஆசான் நெப்போலியன் போர்க்காலத்திலேயே மாலுமிகளுக்கெனத் தனிப் பயிற்சிமுறை வகுத்தார்.

இன்னொன்று: அரக்கோணத்து ஐ.என்.எஸ். ராஜாளி போன்ற இந்தியக் கடற்படைத் தளங்களின் அணிவகுப்பில் அதிகாரிகள் ஏந்தும் வாள், பதவியின் அடையாளமாக வளர்ந்த வேறொரு மரபைச் சேர்ந்தது. கட்டுரை இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டது. மாலுமியின் வாளையோ பிரிட்டிஷ் கடற்படை 1936இல், சடங்குகளுக்குத் தவிர, கைவிட்டது.