கொத்தமல்லியும் ஐந்தே முக்கால் வானும்

போன கிழமை சாப்பாட்டு மேசையைத் துப்பரவாக்கும்போது ஒவ்வொன்றாக எடுத்து வைத்து எண்ணினேன். தண்ணீரில் போட்டால் சீறிக் கரைகிற விட்டமின் சி குழாய் இரண்டு, ஒன்று பாதி. சிங்க் குளிசை ஓர் அட்டை. கருஞ்சீரக எண்ணெய்ப் போத்தல், அடியெல்லாம் பிசுபிசுப்பு. வன்னித் தேன் என்று யாரோ தந்த தேன். சமஹன் மூலிகைத் தூள் பெட்டி. யாழ்ப்பாணத்திலிருந்து வரும்போது அம்மா கொண்டுவந்த வறுத்த மல்லி, பழைய ஹோர்லிக்ஸ் போத்தலில். இவ்வளவு காவல் இருந்தும் தை தொடங்கி ஆனி முடிவதற்குள் எனக்கு நாலு தரம் தடிமன், மகளுக்கு ஐந்து தரம். நான் கணக்குப் பார்க்கிற வேலைக்காரி. இப்படி ஒரு ஐந்தொகையை வேறு யாராவது கொண்டுவந்து காட்டினால் கையெழுத்துப் போடமாட்டேன்.

நாலாவது தடிமனோடு எங்கள் குடும்ப வைத்தியரிடம் போனேன். வயதானவர், தெகிவளையில் எங்கள் தலைமுறை முழுவதையும் பார்த்தவர்.

"எதிர்ப்புச் சக்தி குறைஞ்சு போச்சுது போல, டொக்டர். ஏதாவது சத்து மருந்து எழுதித் தாங்கோ."

பேனாவை மேசையில் வைத்தார். "இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறனீர்?"

"பதினொன்றரை, பன்னிரண்டு."

"எழும்புறது?"

"நாலரை."

"மகள்?"

"அவளும் அப்படித்தான். அஞ்சு மணிக்கு எழுப்புவன்."

அவர் ஒன்றும் எழுதவில்லை. பீஸ் மட்டும் வாங்கினார்.

அன்றைக்கு எனக்குக் கோபம். நித்திரை கொள்ளச் சொல்வதற்கு ஒரு டொக்டர் வேண்டுமா? வீட்டுக்கு வந்து அவர் பிழை என்று காட்டுவதற்காகத்தான் தேடத் தொடங்கினேன். இப்போது இதை எழுதுவது அந்தத் தேடலில் நான் தோற்றதால்.

அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஷெல்டன் கோஹன் என்ற உளவியலாளர் பல வருடங்களாகத் துணிச்சலான ஒரு வேலை செய்துவந்தார். சுகமாக இருக்கிற ஆட்களைச் சம்மதத்தோடு கூட்டிவந்து, மூக்கில் தடிமன் வைரசைச் சொட்டுச் சொட்டாக விட்டு, தனியறையில் வைத்துப் பார்ப்பது. 2009 இல் வந்த ஆய்வில் 153 பேர். முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு நாளும் முந்தின இரவு எத்தனை மணித்தியாலம் படுத்தீர்கள் என்று கேட்டுக் குறித்தார்கள். பிறகுதான் வைரஸ். ஏழு மணித்தியாலத்துக்குக் குறைவாக நித்திரை கொண்டவர்களுக்கு, எட்டும் அதற்கு மேலும் கொண்டவர்களைவிடத் தடிமன் பிடிக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட மூன்று மடங்கு. வாயால் சொல்வதை எப்படி நம்புவது என்று கேட்கத் தோன்றும், எனக்கும் தோன்றியது. 2015 இல் 164 பேரின் கையில் கருவி கட்டி நித்திரையை அளந்து அதே சோதனையைச் செய்தார்கள். ஆறு மணித்தியாலத்துக்குக் குறைந்தவர்களுக்கு, ஏழுக்கு மேல் கொண்டவர்களைவிட நாலு மடங்குக்கு மேல். அத்தனை பேர் மூக்கிலும் விட்டது ஒரே வைரஸ்தான்.

இன்னொன்று சிக்காகோ பல்கலைக்கழகத்தில், 2002 இல். சில இளைஞர்களை இரவுக்கு நாலு மணித்தியாலம் மட்டும் படுக்கவிட்டு, அந்த நாட்களில் இன்புளுவென்சா தடுப்பூசி போட்டார்கள். பத்து நாள் கழித்துப் பார்த்தால், வழமைபோல் நித்திரை கொண்டவர்களோடு ஒப்பிட இவர்களின் பிறபொருளெதிரி, அதாவது கிருமியைப் பிடிக்க உடம்பு செய்கிற புரதம், பாதிக்கும் குறைவு. சில வாரங்களில் அந்த வித்தியாசம் மறைந்தது என்பதையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நானும் வட்ஸ்அப் மாமாக்கள் மாதிரி ஆகிவிடுவேன். ஆனால் கிருமி வந்து வாசலில் நிற்கும்போது அந்தச் சில வாரங்கள்தானே தேவை.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். ‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவது.’ தாங்கியில் தண்ணீர் மட்டம் இறங்கிவிட்டது, மோட்டரைப் போட்டால் ஏறிவிடும் என்கிற மாதிரி. நாங்கள் பள்ளிக்கூடத்தில் நிர்ப்பீடனம் என்று படித்தது அப்படி ஒரு தாங்கி இல்லை. வெண்குருதிக் கலங்களில் ஒருவகை கண்டதை விழுங்கும், ஒருவகை பிறபொருளெதிரி செய்யும், ஒருவகை முன்பு வந்த கிருமியை வருடக்கணக்காக ஞாபகம் வைத்திருக்கும், இன்னொருவகை "போதும், நிப்பாட்டு" என்று மற்றதுகளை அடக்கும். அடக்குகிறது பிழையாகப் போனால் சொந்த உடம்பையே தாக்குகிற வருத்தங்கள். முடக்குவாதம் அப்படித்தான், சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற முதலாம் வகை நீரிழிவும் அப்படித்தான்.

கொழும்பில் இருக்கிற எங்களுக்கு இதை டெங்குவே சொல்லித் தந்திருக்க வேண்டும். 2017 இல் இலங்கை முழுக்க 186,000 பேருக்கு மேல் டெங்கு. அந்த வருடம் சித்தியின் மகன் வாட்டில் கிடந்தான், இரண்டாம் தரம். டெங்கு வைரசில் நாலு வகை. ஒன்று வந்து போனால் அந்த வகைக்குக் காப்பு உண்டு; பிறகு வேறு வகை வரும்போது, பழைய பிறபொருளெதிரியே வைரசைக் கலத்துக்குள் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடலாம். அதற்குப் பிறகு குருதிக் குழாயிலிருந்து நீர் கசிவது வரைக்கும் நடக்கிற கூத்தில் எங்கள் சொந்தக் காவல்படையின் பங்கு பெரியது. சித்தி வாட்டு வாசலில் நின்று "பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி காணாது" என்று அழுதா. அவனுக்கு நடந்தது கிட்டத்தட்ட எதிர்மாறு.

ஆனாலும் கூட்டுகிற ஆசை எங்களை விடாது. 2020 மார்கழியில் கொவிட்டுக்கு மருந்தென்று கேகாலையில் ஒருவர் கொடுத்த பாணிக்கு நின்ற கூட்டத்தை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். கொவிட்டைத் தடுக்கக் கொவிட் பரவுகிற மாதிரி நெருக்கியடித்து நின்ற சனம். அந்தப் பாணியைப் பகிரங்கமாகக் குடித்துக் காட்டிய சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாதம் தொற்று. நான் சிரித்தேன். என்னுடைய மேசையில் அப்போதும் மூன்று போத்தல் இருந்தது.

விட்டமின் சி பற்றி ஒரு வார்த்தை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2013 ஆம் ஆண்டுக் கொக்ரேன் மீளாய்வின்படி, ஒவ்வொரு நாளும் போட்டுக்கொண்டிருந்தாலும் சாதாரண ஆட்களுக்குத் தடிமன் வருவது குறையாது. வந்த தடிமன் பெரியவர்களுக்கு 8 வீதம், பிள்ளைகளுக்கு 14 வீதம் சுருங்கும். மூக்கு ஒழுகத் தொடங்கிய பிறகு பாமசிக்கு ஓடுவதால் தெளிவான பலன் இல்லை. நான் ஓடியதெல்லாம் ஒழுகத் தொடங்கிய பிறகு. ஒரு நாளைக்குத் தேவையானதைவிடக் கூடுதலாக ஒரு கொய்யாப்பழத்தில் இருக்கிறது, உப்பும் மிளகாய்த்தூளும் இலவசம்.

அம்மாவின் கொத்தமல்லியை மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன், ஆனால் காரணம் வேறு. சின்ன வயதில் தடிமன் என்றால் என்ன நடக்கும்? மல்லியும் இஞ்சியும் அவித்து, பனங்கட்டியோடு ஒரு மூக்குப்பேணி. குடித்து முடிய, "போய்ப் படு." பள்ளிக்கூடம் இல்லை. யன்னல் சாத்தி, போர்வை இழுத்து மூடி, சத்தம் போடுகிற தம்பிக்கு முதுகில் ஒன்று. மத்தியானம் கஞ்சி, திரும்பவும் "படு." இரண்டு நாளில் எழும்பி ஓடுவோம், புகழ் எல்லாம் மல்லிக்கு. இப்போது என் மகளுக்கு அதே மல்லியைச் சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றிக் கொடுத்து, ஒரு பனடோலும் போட்டு, பள்ளிக்கூட வானில் ஏற்றி விடுகிறேன். மருந்தில் பாதியை எடுத்துக்கொண்டு பாதியை எறிந்துவிட்டோம். எறிந்த பாதி எது என்று இப்போதுதான் விளங்குகிறது.

மழையில் நனையாதே என்று அம்மா கத்துவதையும் நான் வைரஸ் கதை சொல்லி மடக்குவேன். பிறகு வாசித்தால், யேல் பல்கலைக்கழகத்தில் 2015 இல் எலியின் கலங்களில் பார்த்திருக்கிறார்கள்: மூக்கின் குளிர்ந்த வெப்பநிலையில் கலங்களின் எதிர்ப்பு மந்தமாகி, தடிமன் வைரஸ் நன்றாகப் பெருகுகிறது. அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. சொன்னால் எனக்கு வாழ்க்கை இல்லை.

சரி, நித்திரையை யார் எடுக்கிறார்கள்? எல்லோரும் போனைத்தான் குற்றம் சொல்கிறார்கள். போன் இருக்கிறதுதான், ஆனால் எங்கள் வீட்டுப் போனில் இரவு பத்தரைக்குத் தெரிவது தங்கச்சியின் முகம். ரொறன்ரோவில் அவளுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஒரு மணி, இங்கே இரவு பத்தரை. அங்கே குளிர்காலம் என்றால் பதினொன்றரை. அண்ணா லண்டனில் வேலை முடிந்து ஆறரைக்கு ரெயினில் ஏறி அம்மாவைக் கூப்பிட்டால் இங்கே பதினொன்று. அம்மா முகம் பார்க்காமல் படுக்கமாட்டா, அம்மாவுக்கு வீடியோ போட நான் வேண்டும். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் எத்தனை வீடுகளில் இப்படி என்று யோசித்துப் பாருங்கள். கனடாவின் மத்தியானச் சாப்பாடு எங்கள் நித்திரை நேரத்தில்தான் நடக்கிறது.

மற்றப் பக்கம் விடியல். மகளின் பள்ளிக்கூடம் 7.30 க்கு, வான் 5.45 க்கு. மத்தியானம் வந்து சோற்றைத் தின்றுவிட்டுக் காலி வீதியில் 101 பஸ்ஸைப் பிடித்து வெள்ளவத்தைக்கு ரியூசன், ஆறரைக்கு வீடு, பிறகு வீட்டுவேலை. பதின்ம வயதுப் பிள்ளைக்கு 8 முதல் 10 மணித்தியாலம் தேவை என்கிறார்கள் நித்திரை வைத்தியர்கள். அந்த வயதில் உடம்புக்கு நித்திரை வருகிற நேரமே பிந்துமாம். முந்திப் படுக்கச் சொன்னாலும் கண் மூடாது. என் மகளுக்குக் கிடைப்பது ஐந்தரை. "இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு உடம்பில சத்தில்லை" என்று சொல்லுகிற உறவினர்தான் "இன்னும் ஒரு பேப்பர் கிளாஸ் போட்டா ஒன்பது ஏ வரும்" என்றும் சொல்லுவார்.

நித்திரையோடு ஒட்டிக்கொண்டு வருவது மனச்சுமை. ஒஹாயோவில் 1995 இல், மறதி நோய் வந்த உறவினரைப் பராமரிக்கிற பெண்களின் கையில் 3.5 மில்லிமீற்றர் அளவில் சின்னக் காயம் உண்டாக்கி ஆறும்வரை பார்த்தார்கள். அதே வயதும் வசதியும் உள்ள மற்றப் பெண்களைவிட ஒன்பது நாள் பிந்தித்தான் ஆறியது. இதை வாசித்தபோது என் சிநேகிதி ஒருத்தி நினைவுக்கு வந்தா. சகோதரங்கள் நாலு பேரும் வெளிநாடு, மாதாமாதம் காசு வரும். அப்பாவை இரவில் மூன்று தரம் எழும்பிப் பார்ப்பது அவ மட்டும். கிரைண்டரில் வெட்டின விரல் ஆறவில்லை என்று சீனி சோதித்தா, சீனி சரியாகவே இருந்தது. காசு அனுப்புகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வருடத்தில் ஒரு மாதம் வந்து நின்று இரவு முறையை எடுத்தால் அது எந்த விட்டமினைவிடவும் பெரியது.

மற்றப் பழக்கங்களும் உண்டுதான். நடை: 2011 இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் ஆயிரம் பேரை 12 வாரம் பார்த்தபோது, கிழமையில் ஐந்து நாளோ அதற்கு மேலோ உடற்பயிற்சி செய்தவர்களுக்குத் தடிமனோடு கழிந்த நாட்கள், அனேகமாகச் செய்யாதவர்களைவிட 43 வீதம் குறைவு. மரைன் டிரைவில் மாலையில் வேகமாக நடக்கிறவர்கள் இதைத் தெரியாமலே செய்கிறார்கள். நடந்து முடிய ரோல்ஸ் கடையில் நிற்பது அவரவர் விருப்பம். சிகரெட்: பிரான்சில் ஆயிரம் பேரை வைத்துச் செய்த ஆய்வு 2024 இல் வந்தது, விட்டுப் பல வருடங்களுக்குப் பிறகும் எதிர்ப்புக் கலங்களில் அதன் தடம் இருக்கிறது. கந்தோர் மொட்டை மாடிக் குழுவுக்கு இதை அனுப்பினேன், ஒருவர் லைக் போட்டார். சீனி: நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் கிருமியை விழுங்குகிற கலங்கள் சோம்பிப் போகும், காயம் பழுக்கும். ஒரு பிளேன்ரீக்கு மூன்று கரண்டி போடுகிற ஊரில் இதற்குமேல் என்ன சொல்ல. வல்லாரைச் சம்பல் குடலில் இருக்கிற நல்ல கிருமிகளுக்கும் சாப்பாடு, தயிர் அப்படியான கிருமிகளையே கொண்டுவரும். அவ்வளவுதான்.

2020 ஊரடங்கில் நாங்கள் எல்லோரும் எட்டு மணித்தியாலம் படுத்தோம், ஒருவருக்கும் தடிமன் வரவில்லை. ஆனால் அதை நித்திரைக் கணக்கில் எழுதமாட்டேன். வீட்டைவிட்டு வெளிக்கிடவே இல்லையே, கிருமி எங்கிருந்து வரும்?

என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். தங்கச்சியோடு பேசினேன். இப்போது அவளுக்குச் சனி இரவு, எங்களுக்கு ஞாயிறு காலை. அம்மா முதல் இரண்டு கிழமை முகத்தைத் தூக்கி வைத்திருந்தா, இப்போது ஞாயிறு காலை சீலை மாற்றிக்கொண்டு உட்காருகிறா.

வான்காரரிடமும் கேட்டேன், மகளை ஆறு பத்துக்கு எடுக்க முடியுமா என்று.

"மிஸ், யாராவது ஒரு பிள்ளை முதல்ல ஏறத்தானே வேணும்" என்றார். "உங்கட பிள்ளையைப் பின்னால எடுத்தா அங்கால லேன் பிள்ளைதான் முதல். அது ஆறாம் வகுப்பு."

அந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும். கழுத்துக்குக் கீழே முழுக்கப் புத்தகப்பை. சரி, விடுங்கோ என்றேன்.

அதனால் புதன்கிழமை ரியூசனை நிறுத்தியாயிற்று. அன்றைக்கு மகள் ஒன்பதரைக்கே படுத்துவிடுகிறாள், லைட்டை நான் அணைக்கவேண்டியதில்லை. ஓ எல் பரீட்சை வருடத்தில் இப்படிச் செய்கிறீர்களே என்று அந்த ஆசிரியர் மெசேஜ் போட்டிருக்கிறார். மூன்று நாளாகிறது, நான் இன்னும் பதில் போடவில்லை.