12 வோல்ட் ட்ரோலிங் மோட்டாருக்கு 24 வோல்ட் கொடுக்கலாமா?

ட்ரோலிங் மோட்டார் என்பது சிறு படகை மெதுவாகச் செலுத்தும் மின் மோட்டார். "இரண்டு பேட்டரிகளைத் தொடராக (ஒன்றின் பிளஸ்ஸை மற்றதன் மைனஸோடு) இணைத்து, 12 வோல்ட் ட்ரோலிங் மோட்டாருக்கு 24 வோல்ட் கொடுத்தால் படகு இரண்டு மடங்கு வேகத்தில் போகும்" என்ற தகவல் பரவுகிறது. இது தவறு, ஆபத்தும்கூட.

வோல்ட் கூடினால் மோட்டார் இழுக்கும் ஆம்பியரும் எகிறும். ஆம்பியர் இரட்டித்தால் சுருளில் சூடு நான்கு மடங்காகும். வேகக் கட்டுப்பாட்டு போர்டு அதற்கும் முன்பே கருகிவிடலாம். வேகமும் இரட்டிக்காது: படகு தள்ளும் அலையின் எதிர்ப்பு, வேகம் ஏற ஏறச் செங்குத்தாகக் கூடும்.

மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ள வோல்ட்தான் கணக்கு. வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது உந்துவிசை (மோட்டார் படகைத் தள்ளும் விசை, பவுண்டில் சொல்வார்கள்). படகு, ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து ஒவ்வொரு 45 கிலோவுக்கும் குறைந்தது 2 பவுண்டு வேண்டும். மொத்த எடை 1,000 கிலோ என்றால் 45 பவுண்டு போதும். காற்று அடிக்கும் ஏரியென்றால் 55. பொதுவாக 12 வோல்ட் மோட்டார்கள் 55 பவுண்டு வரை, 24 வோல்ட் 80 வரை, 36 வோல்ட் 112 வரை கிடைக்கின்றன.

இரண்டாவது பேட்டரி வீணில்லை. இரண்டு 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி (பேட்டரியின் கொள்ளளவு) டீப் சைக்கிள் பேட்டரிகளை (ஆழமாகக் காலியாகி மீண்டும் மீண்டும் சார்ஜ் ஏற்றத் தக்கவை)ப் பக்க இணைப்பில் (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) போட்டால் 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி. அதே மோட்டார் கூடுதல் நேரம் ஓடும். தொடரில் போட்டால் 24 வோல்ட், ஆனால் 100 ஆம்பியர்-மணி மட்டுமே. பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள். 55 பவுண்டு மோட்டார் முழு வேகத்தில் சுமார் 50 ஆம்பியர் இழுக்கும். பிளஸ் முனைக்கு அருகிலேயே 60 ஆம்பியர் பிரேக்கர் (மின்னோட்டம் அளவு மீறினால் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம்.